முறைப்பாடு இல்லாத வாரம்

வெள்ளிக்கிழமை காலையும் தொலைபேசி ஒலிக்கவில்லை. இரகுநாதன் அதைச் சன்னல் கட்டையில், சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். வெளியே அப்புத்தளை முழுவதும் பனிமூட்டம்.

அறையை வாடகைக்கு விட்ட பொன்னையா தேநீரோடு வந்தார்.

"புள்ள பெத்தவரு, புது மாப்பிள்ள மாதிரி போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே சார். இன்னும் வரலையா?"

"வராட்டித்தான் நல்லது."

"அப்ப எதுக்கு அத மொறைக்கிறீங்க?"

இரகுநாதன் தேநீரைக் குடித்தார்.

பதுளையில் பல்கலைக்கழக நூலகத்தின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. புத்தகப் பட்டியல், இரவல் பதிவு இரண்டும் ஒரே சேர்வரில் ஓடின. அந்தச் சேர்வர் அவர் ஒருவருக்குத்தான் அடங்கும். அவருக்கும் சில நாட்களில் அடங்காது.

மனைவி நிசாந்தினி மட்டக்களப்பில் ஆசிரியை. போன முறை வீட்டுக்குப் போனபோது மகன் அவரை "மாமா" என்று கூப்பிட்டான். அங்கே வளாகத்தில் ஓர் இடம் காலியாகி, அவரை எடுக்கவும் தயாராக இருந்தார்கள். இங்கிருந்து ஒரு விடுவிப்புக் கடிதம் மட்டும் வேண்டும். நூலகர் லீலாதேவி அதைத் தரவில்லை.

"நீர் போனா அடுத்த நாளே எல்லாம் படுத்திடும், இரகு. பிறகு நான் கம்பியூட்டருக்கு முந்தின புத்தக அட்டை லாச்சியளை இழுத்துத் தூசி தட்டிக்கொண்டு நிக்கிறதோ?"

"கலாராணிக்கு எல்லாம் பழக்கியிருக்கிறன், மேடம்."

"அந்தப் பிள்ளையோ? கரண்ட் போனா முதல் உமக்குத்தானே போன் எடுக்குது."

கடைசியில் லீலாதேவி ஒரு நிபந்தனை போட்டார். இரகுநாதன் ஒரு வாரம் லீவில் நிற்க வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கலாராணி தனியாக நடத்த வேண்டும். வாசகர் யாராவது குறை சொல்லி ஒரு முறைப்பாடு வந்தாலும் கடிதம் இல்லை.

கலாராணி பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வருகிறவள், நூலக உதவியாளர். இரகுநாதன் அவளைப் பின்படிக்கட்டில் பிடித்தார்.

"ஏதும் நடந்தா ஒருத்தருக்கும் சொல்லாம எனக்கு ஒரு போன் எடும். நான் பின்கதவால வந்து திருத்திப்போட்டுப் போறன். மட்டக்களப்புக்கும் போகேல்ல, கிட்ட அப்புத்தளையிலதான் நிப்பன்."

"நீங்க நிம்மதியா இருங்க சார். போன் வராது."

"அப்பிடிச் சொல்லாதையும். அந்தச் சனியன எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் சார்."

திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன் பிற்பகல் இடி இடித்து அப்புத்தளையில் மின்சாரம் நின்றது. பதுளையிலும் நின்றிருக்கும். இப்படி நின்று வரும் ஒவ்வொரு முறையும் சேர்வர் பாதிப் பட்டியலைத் தொலைத்துவிட்டுத்தான் எழும்பும். அதை மீட்க அவருக்கே அரை நாள் வேண்டும்.

இரகுநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தார். அது ஒலிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

வெள்ளி மத்தியானம் அவர் பதுளைக்குப் போனபோது லீலாதேவி கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

"ஒரு முறைப்பாடும் இல்லை, இரகு. நீர் இருக்கேக்க என்ர மேசையில எத்தனை கிடக்கும்? நேற்று ஒரு பேராசிரியர் வந்து, இப்பதான் லைப்ரரி ஒழுங்கா நடக்குது எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

"சந்தோசம், மேடம்."

"சந்தோசப்படுற முகமோ இது? போகத்தானே கேட்டனீர்?"

"நீங்கள் கீழ இறங்கிப் பாத்தனீங்களோ?"

"முறைப்பாடு வந்தாத்தானே நான் இறங்குறது."

இரகுநாதன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்படிக்கட்டால் இறங்கினார். கலாராணி தன் சிறிய அறையில் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேசையில் இருந்த கணினித் திரைக்குப் பூ வேலை செய்த வெள்ளை உறை போட்டிருந்தது. அவர் ஒருநாளும் தன் திரையின் தூசியைக்கூடத் தட்டியதில்லை. பக்கத்தில் தூசி தட்டிய பழைய அட்டை லாச்சி ஒன்று பாதி திறந்து கிடந்தது.

"வாங்க சார். கடுதாசி குடுத்தாங்களா?"

"தந்திட்டா."

"அப்பாடா. இனிமே தம்பி ஒங்கள மாமான்னு கூப்பிட மாட்டான்."

மட்டக்களப்பு பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வாசலிலேயே நின்றார். இத்தனை வருடம் தனக்குப் பிடிபடாதது இவளுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பசறை தாண்டமுடியாது என்று தோன்றியது.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? புதன்கிழமை இஞ்சயும் கரண்ட் போனதெல்லே?"

"போச்சு சார். என்னா இடி! கண்ணாடியெல்லாம் ஆடிப்போச்சு."

"சேர்வருக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?"

"ஒண்ணும் ஆகல சார்."

"பட்டியல் அழியேல்ல?"

"ஒரு எழுத்துக்கூட அழியல."

இரகுநாதன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனையை எடுத்தார்.

"அப்ப எனக்கும் சொல்லித் தாரும். அங்கயும் இதே சேர்வர்தான் வைச்சிருக்கினமாம். என்ன செய்தனீர்?"

கலாராணி எழும்பிப்போய் வெளியே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க லீவுல போன அன்னைக்கே அத நிப்பாட்டிட்டேன் சார்."