அளவைத் தாண்டியது

கணவர் செல்வினின் முதல் ஸ்கேனில், சராசரி ஆளுக்கான அளவைக் கதிர்வீச்சு தாண்டிவிட்டது என்று டெக்னீஷியன் ரூபினா சொன்னதும் ஜெசிந்தா அவளோடு மல்லுக்கு நின்றாள்.

“அண்ணனுக்கு உடம்பு பெருசுக்கா. மிஷின் அதுக்குத் தக்கன தானாக் கூட்டிக்கிடும்” என்றாள் ரூபினா.

பிறகு நோயில் செல்வின் இளைக்க இளைக்க, ஸ்கேனுக்கு ஸ்கேன் அந்தக் கதிர்வீச்சு அளவும் இறங்கியது. “இந்தத் தடவ ரொம்பக் கம்மிக்கா, நல்லது” என்று ரூபினா சொல்லும்போதெல்லாம் ஜெசிந்தா கணவரின் தொளதொளத்த சட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வைத்தியம் முடிந்தபின் மாதக்கணக்கில் சீலாமீன் குழம்பும் முட்டையுமாக ஊட்டி, இன்று மறுபடி கூட்டிவந்திருந்தாள். ஸ்கேன் முடிந்ததும் ரூபினா தயங்கித் தயங்கி வெளியே வந்தாள்.

“கோவிச்சுக்கிடாதீங்கக்கா. திரும்பவும் அளவு தாண்டிருச்சு.”

ஜெசிந்தா கணவரின் தொப்பையை ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“இன்னொரு தடவ சத்தமாச் சொல்லு தாயி. இவருக்கும் கேக்கட்டும்.”