ஆறாவது ஞாயிறு

வெனிஸ் நகரின் ஆறு பேட்டைகளை, ஞாயிறுக்கு ஒன்றாகத் துல்லியோவுக்குச் சுற்றிக் காட்டினாள் வழிகாட்டி ஒர்னெல்லா. பாதுவாவிலிருந்து இங்கே குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது அவளுக்கு. இன்று கடைசிப் பேட்டை, கஸ்தெல்லோ.

“இந்தச் சந்து எங்க மேடம் போகுது?”

“நேரா கால்வாய்க்குத்தான். பார்த்து, விழுந்துடாதீங்க சார்!”

வாராவாரம் கேள்வி கேட்டே துளைத்தெடுக்கும் மனிதர், இன்று வாடிப்போயிருந்தார்.

“இன்னையோட முடிஞ்சுதா?”

“ஊரே அவ்வளவுதானே!”

அப்போது மாடி ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“ஏம்ப்பா துல்லியோ! ஊர் முழுக்க இருபது வருஷமா தபால் கொடுக்கிற உனக்கு, வழி காட்ட ஒரு ஆளா?”

துல்லியோவின் காது மடல் சிவந்தது. ஒர்னெல்லா இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

“அப்போ எல்லாச் சந்தும் தெரியுமா?”

“தெரியும் மேடம். உங்ககூட பேசுறதுக்குத்தான் வேற வழி தெரியல.”

ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“எனக்குத் தேவாலயமும் மாளிகையும்தான் தெரியும். எந்த வீட்ல நல்ல காபி கிடைக்கும்னு அடுத்த ஞாயிறு நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ஆனா இந்த மேடம் எல்லாம் வேண்டாம், ஒர்னெல்லான்னே கூப்பிடுங்க.”