மணல் சட்டை

வெள்ளைத் துணியில் இன்றைக்கும் புழு.

டிஸ்கித்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் இந்தப் பனியாற்றுத் தண்ணீர் அவளுக்குப் பழகவில்லை.

அவள் பிறந்த கீழ் ஊரில் ஊற்றுத் தண்ணீர். பாத்திரத்தை நீட்டினால் போதும். இங்கே பானை வாயில் துணி கட்டி வடிகட்ட வேண்டும். வடிகட்டிய துணியில், வால் இரண்டாகப் பிரிந்த தட்டைப் பூச்சிகள் நெளியும். அவற்றைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். மணல் சட்டை போட்ட இந்தப் புழுவை முடியாது.

மணலையும் கல்பொடியையும் எச்சிலால் ஒட்டி, உடம்பைச் சுற்றிக் குழாய் மாதிரி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. போகிற இடத்துக்கெல்லாம் அதையும் இழுத்துக்கொண்டு போகிறது. கறுப்புத் தலையும் கால்களும் மட்டும் வெளியே நீளும். உள்ளே இருப்பது வெளுத்த, கொழகொழவென்ற சதை.

"கைக்குக் கிடைச்சதை வெச்சு வீடு கட்டுது, பாவம். நீ என்ன, வாடகையா கேக்கப் போற?" என்று ரிக்ஸின் கேலி செய்வான்.

புருஷனை நினைத்ததும் குமட்டல் இன்னும் கூடியது.

இரண்டு வருஷத்துக்கு முன், அறுப்பு முடிந்த கையோடு காணாமல் போனவன். சாலையோரம் கூடாரம் போட்டு டீ விற்றவளோடு லாரி ஏறிவிட்டான் என்பது ஊரறிந்த சங்கதி. அதே வாரம் அந்தக் கூடாரமும் காலியானது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவன் போர்த்திய கம்பளியை டிஸ்கித் கோலால் தூக்கி வெளியே போட்டாள். கையால் தொடக்கூட அருவருப்பாக இருந்தது.

கரையில் அவன் தங்கை சோரோல் நின்றிருந்தாள். கையில் பித்தளை விளக்கு, காலியாக.

"ஒரே ஒரு விளக்குக்கு வெண்ணெய் குடுங்க அண்ணி. தினம் அம்மா கனவுல வந்து, இருட்டா இருக்குங்கிறானாம். அவன் வீட்டு வெண்ணெயிலதான் ஏத்தணும்னு அம்மா சாப்பிடாமக் கிடக்கிறாங்க."

"செத்தவனுக்குத்தான் விளக்கு. ஓடிப்போனவனுக்கு எதுக்கு? அவ கூடாரத்துல கரண்டு இருக்கும்."

சோரோல் விளக்கை நீட்டியபடி நின்றாள். நகரவில்லை.

வடிகட்டிய துணியை ஆற்றிலேயே கவிழ்த்து, பூச்சிகளை உயிரோடு விட்டுவிட வேண்டும். இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். யாரும் பார்க்காதபோது டிஸ்கித் அந்தப் புழுவைக் கல்லில் உதறி மிதித்துவிடுவாள். இன்று யார் பார்த்தால் என்ன என்று இருந்தது.

உதறினாள். புழு கல்லில் விழுந்தது. பூட்ஸ் காலைத் தூக்கினாள்.

சாம்பல் நிற மணலுக்கு நடுவே, அந்தக் கூட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மின்னியது.

குனிந்து பார்த்தாள். கடுகளவு பாசிமணி. பக்கத்தில் இன்னொன்று, பாதி உடைந்தது.

அந்த மணி இந்த ஊரில் யாரிடமும் கிடையாது. தாய்வீட்டில் இருக்கும்போது, கல்யாணத்துக்கு முன், ஒரு பொட்டலம் முழுவதையும் வைத்து அவள் ஒரு தாயத்துப் பை தைத்தாள். மாப்பிள்ளையின் கழுத்தில் அவளே கட்டினாள். அவன் அதைக் கழற்றியதே இல்லை.

அவள் நிமிர்ந்து ஆறு வரும் திசையைப் பார்த்தாள். கடைசி வீட்டுக்கும் மேலே வந்துதான் தண்ணீர் எடுப்பது. அதற்கு மேல் வீடு இல்லை, வயல் இல்லை, சாலை இல்லை. பனிமலை மட்டும்தான்.

பானை விளிம்புவரை நிறைந்திருந்தது. இரண்டு கோடையாக இந்தத் தண்ணீரில்தான் டீ போட்டாள், மாவு பிசைந்தாள், குடித்தாள். துணி புழுவை மட்டும்தான் நிறுத்தும். காலையில் குடித்த உப்பு டீ அப்படியே வெளியே வந்தது.

"புழு கடிச்சிடுச்சா அண்ணி?"

டிஸ்கித் வாயைத் துடைத்தாள். ஏழு வருஷத்தில் முதல் முறையாக அந்தப் புழுவைக் கையில் எடுத்தாள். சில்லென்று, சொரசொரவென்று, உள்ளங்கையில் கால்களால் துழாவியது. அருவருப்பு போகவில்லை. ஆனால் அது இப்போது புழுவின் மேல் இல்லை.

மெதுவாக அதைத் தண்ணீரில் விட்டாள்.

"உங்க வீட்டுல இருக்கிற பெரிய விளக்கை எடுத்துட்டு வா, சோரோல். எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

கீழே தொழுவத்தில் ஜோமோ மாடு கத்தியது. கறக்கிற நேரம்.

அவன் காணாமல் போன அன்று மலை மேய்ச்சலிலிருந்து திரும்பாத மாடு அது. ரிக்ஸின் டீக்கூடாரத்தில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிட்டு வந்ததால் அவளுக்கு ஆத்திரம். மாடு இல்லாமல் வாசலை மிதிக்காதே என்று சொல்லி, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். இரவெல்லாம் பனி கொட்டியது. காலையில் மாடு தானாக வந்தது. மாடு மட்டும் வந்தது.

ஊர் ஆண்கள் கயிறுகளோடு வாசலில் வந்து நின்று, அவன் எந்தப் பக்கம் போனான் என்று கேட்டார்கள்.

தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் இருந்தவள் எதையும் பார்க்கவில்லை.

"சாலைப் பக்கம்தான். என் கண்ணால பார்த்தேன்" என்றாள்.