சிவப்புப் புள்ளிகள்

பயிர்ப்பூச்சி ஆராய்ச்சியாளர் கணினித் திரையில் இருந்த வரைபடத்தை மனைவிக்குக் காட்டினார். வெளிநாட்டு மாவுப்பூச்சி புகுந்து அழித்த தோட்டங்களெல்லாம் அதில் தேதியோடு சிவப்புப் புள்ளிகளாக இருந்தன.

"எள்ளளவு உடம்பு, இறக்கைகூடக் கிடையாது. மலையைத் தாண்டி, ஆத்தைத் தாண்டிப் போயிருக்கு பாரேன்! மெய்சிலிர்க்குது."

"அடுத்து எங்க போகுமாம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே தோட்டம் தோட்டமா அலையறேன்! பிடி கொடுக்க மாட்டேங்குது."

அவள் புள்ளிகளைத் தேதி வரிசையில் தொட்டுக்கொண்டே போனாள். "மொதல்ல அணைக்கட்டு, அப்புறம் எலுமிச்சைத் தோட்டம், அப்புறம் உங்க அக்கா ஊரு..." விரல் நின்றது. "ஏங்க, இது நீங்க டூர் போன வழியாச்சே!"

அவர் எழுந்துபோய், ஆணியில் தொங்கிய தன் தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். மடிப்புக்குள் வெள்ளைப் பஞ்சுபோல ஒரு குடும்பமே குடியிருந்தது.

"அடேயப்பா!" என்றார் பக்தியோடு. "என்னையே வாகனமாக்கிக்கிச்சே!"