ஆறு மாதக் கெடு

"இந்தக் காலத்துல எவன் சொன்ன நாள்ல சொன்னதைச் செய்யறான்? தையக்காரன் செய்யறானா, கரண்ட் ஆபீஸ்காரன் செய்யறானா? இதுக்கு மட்டும் ஆறு மாசம்னா ஆறாவது மாசம் வந்து நின்னுடணுமா?"

திருச்சியில் இருந்த அந்தக் குடல் ஆஸ்பத்திரியின் கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற அடைக்கலம் அதை லட்சியமே செய்யவில்லை. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் நாற்பது வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. படிப்பு மூணாம் கிளாஸ். மனுஷர்கள் மேல் நம்பிக்கை அதற்கும் கீழே.

"பெரியவரே, முதல்ல பேரைச் சொல்லுங்க. ஃபைல் இருக்கா?" என்றாள் நர்ஸ் ரிஃபானா.

"பேரு எங்க ஓடிப்போவுது? ஃபைலு பீரோவுல பூட்டிக் கெடக்கு, எவன் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு. நீ விஷயத்தைக் கேளும்மா. சித்திரையில குடல்லேர்ந்து ஒரு சதைக்கட்டியை எடுத்தாங்க. பெருசாம். கேமராவை உள்ள விட்டு, துண்டு துண்டா நறுக்கி எடுத்தாங்களாம்."

"இங்கயா எடுத்தாங்க?"

"மெட்ராஸ்ல. இங்க எடுத்தா நாலு பேருக்குத் தெரிஞ்சு கேவலமாப் போயிடுமாம்."

ரிஃபானா விரல் விட்டு எண்ணினாள். "சித்திரைக்கு ஆறு மாசம்னா ஐப்பசி. இப்ப மார்கழியே பாதி ஓடிடுச்சு! ஏன் இன்னும் மறுபடி பார்க்கல?"

"வலி இல்ல. ரத்தம் போவல. மூணு வேளையும் சோறு இறங்குது. அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?"

"வலிக்கட்டும்னு காத்திருந்தா, அப்புறம் இந்தக் கவுன்டருக்கு வர வேணாம், நேரா கேன்சர் வார்டுக்கே போயிடலாம். பெரிய கட்டியைத் துண்டு துண்டா எடுத்தா, ஓரத்துல துளி ஒட்டியிருந்தாலும் மறுபடி முளைச்சுடும். ஆறு மாசத்துல பார்த்தா கேமராவுலயே எடுத்துடலாம். விட்டா வயித்தைத் திறக்க வேண்டி வரும். உயிருக்கே கூட ஆபத்தாயிடும்."

அடைக்கலத்தின் விரல்கள் கவுன்டர் விளிம்பை இறுக்கின. குரல் மட்டும் இறங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் சோர்ந்து கிடந்த பெரிய கடைவீதி ஹபீபுல்லாவிடம் திரும்பினார்.

"பாய், உங்களுக்கு எத்தனை மாசம் சொன்னாங்க?"

"மூணு வருஷம்ணே. இந்த மாசத்தோட முடியுது. வந்துட்டேன்."

"பார்த்தியா! பாய்க்கு மூணு வருஷம், இதுக்கு ஆறு மாசம். ஆளைப் பார்த்து நாள் குறிக்கறீங்களா?"

"கட்டியைப் பார்த்துதான் குறிக்கறோம். பாயோடது ஒண்ணே ஒண்ணு, சுமாரான அளவு. முழுசா ஒரே துண்டா வந்துடுச்சு."

"சரி, வேலையை விட்டுட்டு வர முடியலன்னா?"

"இந்த வயசுல அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

"வைகுண்ட ஏகாதசிக்கு சீரங்கத்துல பெரிய வேலை இருக்காம். அது முடிஞ்சு பார்த்துக்கலாமாம்."

"பெருமாள் அங்கேயேதான் படுத்திருப்பார். சதைதான் சும்மா இருக்காது."

"முதல் நாள் சாப்பிடாம கெடந்து, குடலைக் கழுவற அந்த மருந்துத் தண்ணியை வேற குடிக்கணும்..."

"அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்கண்ணே!" ஹபீபுல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "விடிஞ்சதுலேர்ந்து பதினாலு தடவை. இப்ப உள்ள உசுரு ஒண்ணுதான் பாக்கி. நானே குடிச்சுட்டேன், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

கூடம் சிரித்தது. அடைக்கலம் சிரிக்கவில்லை.

"எல்லாம் எனக்குத் தெரியும், யாரும் சொல்லத் தேவையில்லன்னா?"

"எல்லாம் தெரிஞ்சவங்கதான் கடைசியில ஸ்ட்ரெச்சர்ல வர்றாங்க பெரியவரே." ரிஃபானாவின் பொறுமை தீர்ந்துவிட்டது. "இருங்க, எங்க டாக்டரையே கூப்பிடறேன். நாள் தவறினவங்களை அவர் லேசுல விட மாட்டார். போன வாரம் ஒருத்தரைத் திட்டினது மூணு மாடிக்குக் கேட்டுச்சு."

"கூப்பிடு. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

டாக்டர் ரெங்கராஜ் வெளியே வந்தார். கூடம் எழுந்து நின்றது. கவுன்டரைப் பார்த்ததும் அவர் நடை தானாக நின்றது.

"சார், இந்தப் பெரியவர் பெரிய சதைக்கட்டி எடுத்து எட்டு மாசமாச்சு. மறுபடி பார்க்காம சாக்குமேல சாக்கா சொல்றார்."

"நல்லாத் திட்டுங்க சார்!" என்றார் ஹபீபுல்லா.

டாக்டர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு சொல்றது நெசமா டாக்டரு? எத்தனை மாசத்துல பார்க்கணும்?" அடைக்கலம் உரக்கக் கேட்டார்.

"ஆறு... ஆறு மாசம்."

"வலி இல்லன்னாலுமா?"

"இல்லன்னாலும்."

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற பெரிய மனுசனா இருந்தாலுமா?"

மூன்று மாடிக்குக் கேட்கும் குரல், பக்கத்தில் நின்ற ரிஃபானாவுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது: "அப்பா, அடுத்த வாரம் நான் கட்டாயம் மெட்ராஸ் போய் டெஸ்டுக்குப் படுத்துடறேன். எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதீங்க."

"தீபாவளிக்கும் இதேதான்டா சொன்ன" என்று மகனுக்கு முதுகைக் காட்டிய அடைக்கலம், அந்த வார்த்தையில் ஒரு துளிகூட நம்பிக்கை வைக்காமல், ஊர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.