வாளியில் விழும் உப்பு

குளியலறைத் தரையில் பிளம்பர் குந்தியிருக்கிறார். கையில் வாட்டர் ஹீட்டரின் கம்பிச்சுருள். அதன்மேல் விரல் தடிமனுக்கு உப்பு படிந்து இறுகியிருக்கிறது. ஸ்குரூடிரைவரின் பிடியால் அவர் தட்டத் தட்ட, வெள்ளைச் சில்லுகள் பிளாஸ்டிக் வாளிக்குள் கலகலவென்று விழுகின்றன. ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. கொடியில் ஒரே ஒரு துண்டு. வீட்டுக்காரம்மா கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். “எப்படிக்கா தாங்கினீங்க? இவ்ளோ உப்பு படிஞ்சா உள்ள யாரோ பாத்திரம் உருட்டுற மாதிரி சத்தம் வந்திருக்குமே,” என்கிறார் அவர். “வரும். நானும் ‘இரு, வர்றேன்’னு சொல்லிட்டே துண்ட எடுப்பேன். பக்கத்து வீட்ல தூக்கம் கெடுதுன்னாங்க, அதான் கூப்பிட்டேன்.” அவர் சிரிக்கிறார். சுருளை மாட்டி, தண்ணீர் நிரப்பி, சுவிட்சைப் போடுகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. இருவரும் காதுகொடுத்து நிற்கிறார்கள். “பாத்தீங்களா, மூச்சு விடல. இனிமே இது வீட்ல இருக்கறதே உங்களுக்குத் தெரியாது.” அவள் தலையாட்டுகிறாள். வாளியைக் கொட்டப் போகிறவரைத் தடுக்கிறாள். “இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்.” அவர் போனதும் கதவைத் தாழிடுகிறாள். தண்ணீர் சத்தமில்லாமல் சூடாகிக்கொண்டிருக்கிறது. வாளியருகே உட்கார்ந்து, உள்ளே கைவிட்டு, சில்லுகளை மெல்ல உருட்டுகிறாள். பாத்திரம் உருட்டும் அதே சத்தம் எழுகிறது. “இரு,” என்கிறாள், “வர்றேன்.”