ஏழு நாள் இலவசம்

என் மனைவி ஜெயமேரியை ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தேன். வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழ வேண்டுமாம். ஆப் சொல்கிறது.

போட்டோ எடுக்கச் சொல்லித்தருகிற ஆப். ஏழு நாள் இலவசம், அதற்குப் பிறகு காசு. இன்று ஏழாவது நாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் வாங்குவதா விடுவதா என்று நான் முடிவு சொல்லியாக வேண்டும்.

திராட்சைக்கு மருந்து விற்க வருகிறவனையே மூன்று தடவை திருப்பி அனுப்பிப் பார்க்கிற ஆள் நான். இதையும் அப்படித்தான் சோதித்தேன்.

முதல் பாடம், லென்ஸைத் துடையுங்கள். துடைத்தேன். இரண்டு வருடமாகத் தோட்டத்தில் மருந்து அடித்த அழுக்கெல்லாம் துண்டில் வந்தது. இதைச் சொல்ல ஒரு ஆப்பா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, படம் பளிச்சென்று ஆகிவிட்டது.

இரண்டாவது பாடம், வெயிலில் நிறுத்தாதீர்கள், நிழலில் நிறுத்துங்கள். ராயப்பன்பட்டியில் நான் கண்ட நிழல் என் திராட்சைப் பந்தல்தான். அதன் கீழே கொண்டுபோய் அவளை நிறுத்தினேன். இலை வழியாக இறங்கிய வெளிச்சத்தில் முகம், கழுத்து, பல் எல்லாம் பச்சை.

"கிளிப்பிள்ளை மாதிரி இருக்கேன். இதுக்குக் காசு வேற குடுக்கப் போறீகளா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

குடல் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதுரை டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னது வேறு. எல்லா இடத்திலும் பரவிவிட்டது, இனி மருந்து ஏற்றி உடம்பை வதைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். கிறிஸ்துமஸைப் பார்ப்பது சந்தேகம் என்றார்.

இப்போது நவம்பர் பாதி போய்விட்டது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். முச்சந்தியில் கட்டுகிற பிளக்ஸுக்கும், முப்பதாம் நாள் பூசையில் கொடுக்கிற நினைவு அட்டைக்கும்.

அவளுக்கு ஒரு நல்ல படம்கூடக் கிடையாது. கல்யாண ஆல்பம் முழுக்கக் கண்ணை மூடியிருக்கிறாள். யாராவது கேமராவைத் தூக்கினாலே இமை தானாக இறங்கிவிடும். கண் திறந்திருப்பது ஆதார் அட்டையில் மட்டும்தான். அதை மனிதர் பார்க்க முடியாது.

போன வருடம் அவளுடைய அக்கா செத்தபோது, ஆதார் படத்தைத்தான் பெரிதாக்கி பிளக்ஸில் போட்டார்கள். அதற்குக் கீழே நின்று ஜெயமேரி அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்கக்காளைக் களவாணி மாதிரி ஒட்டி வச்சிருக்காக. எனக்கும் இப்படி வச்சுப்புடாதீக."

ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனால் எதற்கு என்று கேட்பாள். அதனால் ஒரு புளுகு புளுகினேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆன ஜோடிகளுக்குக் கோயிலில் புத்தகம் போடுகிறார்கள், நம் படமும் கேட்டிருக்கிறார்கள் என்றேன். சரி என்றாள். ஜோடிப் புத்தகத்துக்கு அவளை மட்டும் தனியாக ஏழு நாள் எடுத்தேன். அந்தக் கோணல் எனக்கு உறைக்கவே இல்லை.

ஏழு நாளில் நூற்றுப்பத்துப் படம். நூற்றுப்பத்திலும் கண் மூடியிருந்தாள். மூன்று என்று எண்ணி முடிக்கும் முன்பே, இரண்டில் எடுத்துவிடுங்கள் என்றது ஆப். எடுத்தேன். அவள் ஒன்றிலேயே மூடினாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆப்பைக் குறை சொல்லி என்ன செய்வது, பாடமெல்லாம் நல்ல பாடம்தான். காசு கட்டினால் இன்னும் நாற்பது பாடம் திறக்குமாம். கண் மூடுகிறவர்களைப் படம் எடுப்பது எப்படி என்று அதில் ஒன்று இருந்தது. அதற்குப் போய்ப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான் படுபாவி.

ஐந்தே முக்காலுக்கு, வாங்குகிறேன் என்று அமுக்கினேன். இரண்டு கட்டம் வந்தது. மாதத்துக்கு நூற்று நாற்பத்தொன்பது ரூபாய். வருடத்துக்கு ஐநூறு.

அவளைக் கேட்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. போனை நீட்டினேன்.

ஜெயமேரி எதையும் சில்லறையாக வாங்க விடமாட்டாள். அரிசி என்றால் மூட்டை, எண்ணெய் என்றால் டின். என் போனுக்கே ஜனவரியில் ஒரு வருடத்துக்குச் சேர்த்து ரீசார்ஜ் போட வைத்தவள். எப்படியும் வருடத்தைத்தான் சொல்வாள், முகத்தை மாற்றாமல் அதையே அமுக்கிவிட வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நின்றேன்.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு கட்டத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"வருசத்துக்கு எதுக்குங்க, காசைக் கரியாக்கிக்கிட்டு. ஒரு மாசத்துக்குப் போடுங்க, போதும்."

அவள் கையில் இருந்தபடியே போனில் மாதத்தை அமுக்கினேன்.

அவள் போனை என் கையில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலைமுடியை ஒதுக்கினாள். வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி அவளே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

அவள் கண்ணை மூடவே இல்லை. எனக்குத்தான் கை ஆடிவிட்டது.